கேஸ் கிணறு பக்கத்தில், வேலை யார் கையில்?

கேள்வி: எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டம், பெரியபட்டினம் பக்கம். மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஒரு வருடம் ஆகிறது. ஓ.என்.ஜி.சி. கிணறுகள் இவ்வளவு அருகில் இருந்தும், கிணறு தோண்டும் ரிக் இயந்திரம் வந்தால் அதில் நிற்பவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். காண்ட்ராக்ட் கம்பெனியில் சேர்த்துவிட ஒன்றரை லட்சம் கேட்கிறார் ஒருவர். கொடுக்கலாமா ஐயா?

பதில்: கொடுக்காதீர்கள். ஏன் என்பதற்கு முன்னால், வெளியூர்க்காரர்கள் ஏன் வருகிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

கிணறு ஓ.என்.ஜி.சி.யுடையது. ஆனால் அதைத் தோண்டும்போது நடக்கும் வேலைகளில் பல வேறு வேறு கம்பெனிகளின் கையில் இருக்கும். குழாய்க்கும் பாறைக்கும் நடுவே சிமென்ட் இறக்குவது ஒருவர், தோண்டும்போது கிணற்றுக்குள் ஓடவிடும் சேற்றுக் கலவையைப் பார்த்துக்கொள்வது ஒருவர், கருவியைக் கம்பியில் இறக்கிப் பாறையைப் படிப்பது இன்னொருவர். இந்தக் கடைசி வேலைக்கு லாகிங் என்று பெயர். 1927-ல் பிரான்சில் ஷ்லம்பெர்ஜர் சகோதரர்களின் குழு முதல்முதலாக மின்சாரம் கொண்டு இதைச் செய்தது. இன்றைய லாகிங் கருவிகள் சிலவற்றில் கதிரியக்கப் பொருள் இருக்கும். அதற்குத் தனி உரிமம், தனிப் பயிற்சி பெற்ற ஆள் எல்லாம் வேண்டும். ஒரு கிணற்றில் அதற்குச் சில நாள் வேலைதான். அதனால் பல இடங்களில் வாடகைக்குத்தான் கூப்பிடுவார்கள். கருவியோடு அதன் ஆளும் வருவார், கருவியோடு போய்விடுவார்.

நான் இந்த வேலையில் சேர்ந்த காலத்தில் கிணறு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க, தோண்டுவதை நிறுத்திவிட்டுச் சின்னக் கேமராவை உள்ளே இறக்குவோம். ஊசி காட்டும் கோணம் காசளவு பிலிமில் பதியும். மேலே எடுத்துக் கழுவிப் பார்த்தால்தான் தெரியும். இப்போது பாறையைத் துளைக்கும் முனையான பிட்டுக்குச் சற்று மேலே இருக்கும் கருவி, ஓடும் சேற்றிலேயே அழுத்தத் துடிப்புகளை உண்டாக்கி அனுப்புகிறது. மேலே குழாயில் இருக்கும் சென்சார் அதைப் பிடிக்க, கேபினில் இருக்கும் ஒருவர் கோணத்தைத் திரையில் பார்க்கிறார். அந்தத் தகவல் தூரத்து அலுவலகத்துக்கும் போகிறது. அதனால் தளத்தில் இருக்க வேண்டிய என்ஜினியர்களும் குறைகிறார்கள். ரிக் மேடையில் சங்கிலி சுற்றிக் குழாய் முடுக்கிய கைகளின் வேலையைப் பல ரிக்குகளில் ஹைட்ராலிக் இயந்திரம் எடுத்துக்கொண்டது. அது ஒருவகையில் நல்லதுதான், விரல் போனவர்கள் எத்தனையோ பேர்.

உள்ளூருக்கு மிஞ்சுவது மண் அடிப்பது, தண்ணீர் லாரி, சாப்பாடு, காவல். ரிக் நகர்ந்ததும் அதுவும் முடிந்தது. அப்புறம் கிணற்று வாயில் வால்வுகள் அடுக்கிய ஒரு அமைப்பு மட்டும் நிற்கும், சுற்றிப் பார்க்கச் சிலர் போதும். கேஸ் குழாயில் ஓடி, வழுதூர் மின் நிலையம் போன்ற இடங்களுக்குப் போய்விடும். புதுக் கிணறுகளை நம்பவும் வழியில்லை: 2025-ல் இந்த மாவட்டத்தில் 20 சோதனைக் கிணறுகளுக்குக் கிடைத்த சுற்றுச்சூழல் அனுமதிக்குப் பெரிய எதிர்ப்பு கிளம்பி, அதைத் திரும்பப் பெறும்படி மாநில அரசே சொன்னது.

ஆகவே பக்கத்துக் கிணற்றைப் பார்க்காமல், ரிக்கோடு ஊர் ஊராகப் போகக்கூடிய தொழிலைப் பிடிக்கச் சொல்லுங்கள். டீசல் என்ஜின், ஹைட்ராலிக் பம்ப் பழுதுபார்ப்பு அவன் படிப்புக்கு நெருக்கம். வெல்டிங்கில் கை ஓடுமென்றால் 6ஜி என்ற குழாய் வெல்டிங் தேர்வு எழுதட்டும். குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பிடித்திருப்பார்கள். அதைத் திருப்பக் கூடாது, நாம்தான் சுற்றிப் போக வேண்டும், அடிப்பக்கத்தை ஒட்டும்போது தலைக்கு மேலிருந்து நெருப்பு விழும். அது தேறியவனுக்குக் காரைக்காலிலும் வேலை உண்டு, கீழக்கரைக்காரர்கள் போகிற வளைகுடாவிலும் உண்டு.

ஐ.டபிள்யூ.சி.எஃப். என்ற கிணற்றுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழை விற்க வருவார்கள். ரிக்கை இயக்கித் தோண்டும் ட்ரில்லர், மேற்பார்வையாளர் நிலைக்கு அது அவசியம்தான். ஆனால் அந்த நிலைச் சான்று இரண்டு வருடம்தான் செல்லும், வேலையில் இருப்பவரைப் பெரும்பாலும் கம்பெனியே அனுப்பும். ரிக்கில் ஏறாத பையனுக்கு அது இப்போது வீண்செலவு.

ஓ.என்.ஜி.சி. அப்ரெண்டிஸ் அறிவிப்பைக் கவனித்திருங்கள், காரைக்காலுக்கும் சென்னைக்கும் இடங்கள் வரும். மதிப்பெண் பார்த்து எடுப்பார்கள், பணம் கேட்க மாட்டார்கள். நிரந்தர வேலை என்ற உறுதி இல்லை, ஆனால் பயிற்சி உண்மையானது. வயது வரம்பு இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

காண்ட்ராக்டில் சேர்ந்தாலும் தப்பில்லை. நியமனக் கடிதம் எழுத்தில் வாங்கட்டும், பி.எஃப். கணக்கில் பணம் ஏறுகிறதா என்று மாதாமாதம் போனில் பார்க்கட்டும். காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால் கிணற்றுக்காரர்தான் தர வேண்டும், 1970-ஆம் வருடச் சட்டத்திலிருந்தே அதுதான் விதி. எண்ணெய்க் கிணறு சட்டப்படி சுரங்கம் என்பது பலருக்குத் தெரியாது. சேரும்போது செய்யும் மருத்துவப் பரிசோதனையும் பாதுகாப்புப் பயிற்சியும் நிறுவனத்தின் பொறுப்பு, அதற்கென்று காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

அந்த ஒன்றரை லட்சக்காரரிடம் கம்பெனி பெயரும் ஒர்க் ஆர்டர் எண்ணும் கேட்டுப் பாருங்கள். சரியாகவே சொன்னாலும் பணம் தராதீர்கள்.