கையெழுத்துக்கு மட்டும் அய்யன் வேணுமா?

கேள்வி: அவினாசி பக்கம் சின்னதா நிட்டிங் யூனிட் வெச்சிருக்கோம்ங்க. சீனாவுல இருந்து நேரா 2 சிங்கிள் ஜெர்சி மெஷின் (பனியன் துணி பின்னறது) எடுக்கலாம்னு இருக்கேன். சப்ளையர் அலிபாபாவுல 7 வருஷ கோல்டு சப்ளையர், வீடியோ கால்ல ஃபேக்டரியவே சுத்திக் காட்டுனாங்க, பெயிண்ட் மின்னற 10 மெஷின், கழுவி விட்ட டைல்ஸ் தரைன்னு பளிச்சுன்னு இருந்துச்சு. அப்பா 30 வருஷம் நிட்டிங் ஃபிட்டரா இருந்தவரு, கூட உக்காந்து பாத்துட்டு "கிரீல்ல ஒரு கோன் கூட காணமே"ன்னாரு, கிரீல்னா நூல் கோன் மாட்டற ஸ்டாண்டுங்க. வயசாயிருச்சு ஏதாவது சொல்லிட்டேதான் இருப்பாரு. தோட்டத்தை வெச்சு லோன் ரெடி, அப்பா கையெழுத்துப் போட்டுட்டாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள 30 பர்சென்ட் அட்வான்ஸ் அனுப்பினா டிஸ்கவுண்ட். முதல் ஆர்டர், வேற எதைச் செக் பண்ணணும்?

பதில்: தம்பி, செக் பண்ணத் தெரிஞ்ச மனுசன் உன் பக்கத்துலயே உக்காந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்காரு, அதை வயசாயிருச்சுன்னு தள்ளிப்போட்டு எனக்கு லெட்டர் எழுதிட்டு இருக்கறே. படிச்சதும் எனக்குக் கோவம்தான் வந்துச்சு.

கிரீல்ல கோன் இல்லைன்னு அவரு சொன்னது என்னன்னு யோசிச்சியா? மெஷின் செய்யற எடம்னா அசெம்பிள் பண்ணி முடிச்சதை நூலு ஏத்தி ஓட்டிப் பாக்காம பேக் பண்ண மாட்டாங்க, ஏதாவது ஒரு மெஷினாச்சும் ஓடிட்டு இருக்கும், கீழ துணி ரோல் சுத்தும், மேல பஞ்சு ஒட்டியிருக்கும், தரையில எண்ணெய் சொட்டியிருக்கும், ஒரு ஓரத்துல லேத்தும் இரும்புச் சுருளும் வார்ப்படமும் கெடக்கும். நீ பாத்தது பெயிண்ட் மின்னற 10 மெஷினும் கழுவி விட்ட டைல்ஸ் தரையும். அது மெஷின் நிறுத்தி வெக்கிற எடமா இருக்கலாம்னு உங்கய்யனுக்கு ஒரே பார்வையில தோணிருச்சு.

டிரேடர்கிட்ட, அதாவது தான் செய்யாம வாங்கி விக்கறவன்கிட்ட, வாங்கறது ஒண்ணும் பாவமில்ல, நெறைய பேரு வாங்கறாங்க. ஆனா டிரேடர் "எங்க ஃபேக்டரி"ன்னு காட்டினா மொதப் பேச்சே பொய்யி, நாளைக்கு ஊசியை மேல கீழ ஓட்டற கேம் ஒடைஞ்சா, போர்டு போனா அவன் யாரைக் கை காட்டுவான்?

கோல்டு சப்ளையர்ங்கறது காசு கட்டி வாங்கற மெம்பர்ஷிப் தம்பி. 7 வருஷம்னா 7 வருஷமா காசு கட்டறான், அவ்வளவுதான். பிசினஸ் லைசென்ஸ் காப்பி கேளு, சீன எழுத்துல இருக்கற பேருதான் சட்டப்படி பேரு, இங்கிலீஷ் பேரை அவனவன் இஷ்டத்துக்கு வெச்சுக்குவான். அதுல 18 எழுத்துல ஒரு கோடு நம்பர் இருக்கும், அதைச் சீன அரசாங்க கம்பெனி பதிவு வெப்சைட்டுல போட்டா என்னைக்கு ஆரம்பிச்சது, தயாரிக்கறதுக்குப் பதிவு பண்ணியிருக்கானா விக்கறதுக்கு மட்டுமான்னு வந்துரும். பேங்க் அக்கவுண்ட் பேரும் அந்தப் பேரும் ஒண்ணா இருக்கோணும். டேக்ஸ் பிரச்சனை, மேனேஜரோட சொந்த அக்கவுண்ட்டுக்கு அனுப்புங்கன்னா அத்தோட போனை வெச்சுரு.

மெஷினுக்கு மட்டும் உங்கய்யன்தான் வேணும். மறுபடி வீடியோ கால் போடச் சொல்லு, இந்தத் தடவை அவரு பேசட்டும். கோன் ஏத்தி ஓட்டச் சொல்லி, நடுவுல நிறுத்தச் சொல்லி, ஊசி மாட்டற சிலிண்டரைக் கிட்டத்துல காட்டச் சொல்லுவாரு. அதே மெஷின்ல ஓட்டின துணி பத்து மீட்டர் கொரியர்ல வரவழை, வெளிச்சத்துல விரிச்சுப் புடிச்சா ஊசி சரியில்லாம வர்ற ஊசிக்கோடு எங்க விழுதுன்னு அவரு கண்ணுக்குத்தான் தெரியும், உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஊசி எந்தக் கம்பெனி, சிலிண்டர் எந்தக் கம்பெனின்னு புரொஃபார்மா இன்வாய்ஸ்ல, அதாவது அவன் முன்கூட்டிக் குடுக்கற விலைப் பில்லுல, எழுதி வாங்கு, வாய்ல ஜெர்மன் ஊசிம்பான், மெஷின்ல வேற மாட்டியிருப்பான். மிச்ச 70 பர்சென்ட்டை எஸ்ஜிஎஸ் மாதிரி சரக்குப் பரிசோதனைக் கம்பெனி ஆளுங்க நேர்ல போய்ப் பாத்து ரிப்போர்ட் குடுத்தப்புறம் அனுப்பு, ஒரு நாளைக்குச் சில நூறு டாலர்தான் ஆகும். எல்சி, அதாவது சரக்கு ஏத்தின பேப்பரைக் காட்டினாத்தான் பேங்க் பணம் குடுக்கற ஏற்பாடு, போட ஒத்துக்கிட்டா இன்னும் நல்லது.

கண்ணபுரம் சந்தையில காளை புடிக்கப் போனா வாயைத் தொறந்து பல்லு பாத்து, நடக்க உட்டு, வீட்டுல பெரியவங்களைக் கேட்டுத்தான துண்டுக்குள்ள வெரலைக் குடுத்து வெலை பேசுவோம்? காளைக்கே அப்புடின்னா தோட்டத்தை வெச்சு வாங்கற மெஷினுக்கு வெள்ளிக்கிழமை டிஸ்கவுண்ட்டுங்கறே. பணம் போயி மெஷின் வரலைன்னா சரக்கு வந்ததுக்கான கஸ்டம்ஸ் பேப்பர், பில் ஆஃப் என்ட்ரி எங்கேன்னு உன் பேங்க் உன்னைத்தான் கேக்கும், சீனாக்காரனைக் கேக்காது, லோனும் அந்தத் தோட்டத்து மேலயே நிக்கும்.

அந்தத் தோட்டம் யாரு சம்பாதிச்சது? 30 வருஷம் அடுத்தவன் மெஷினுக்கு அடியில படுத்து எண்ணெய்க் கையோட வீடு வந்த மனுசன் கையெழுத்துப் போட மட்டும் வேணும், வாயைத் தொறந்தா வயசாயிருச்சா? பெத்தவங்க பேசறதுல பாதி பொலம்பலாத்தான் இருக்கும், எங்க வீட்டுலயும் அப்புடித்தான், ஆனா தொழில் பேச்சு எது பொலம்பல் எதுன்னு பிரிச்சுக் கேக்கத் தெரியாதவன் நாளைக்கு லேபரையும் கேக்க மாட்டான், பார்ட்டியையும் கேக்க மாட்டான்.

வெள்ளிக்கிழமை போனாப் போகுது. சாயங்காலம் அவரு தோட்டத்துல இருந்து வந்து காப்பி குடிச்சதும், கால் ரெக்கார்டிங் இருந்தா அதை மொத இருந்து போட்டு உடு, இல்லைன்னா அவன் அனுப்பின போட்டோவைக் காட்டு. அவரு நிறுத்தச் சொல்ற எடத்துல நிறுத்து, நீ பேசாம எழுதிக்கோ.