காந்தப் பாயும் கழுத்துப் பதக்கமும்

கேள்வி: கட்டில் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் மின் மீட்டர் பெட்டி. தூக்கம் சரியில்லை, காலையில் தலைபாரம். கதிர்வீச்சைத் தடுக்கும் பெயின்ட் அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?

பதில்: கட்டிலை எதிர்ச்சுவருக்குத் தள்ளுங்கள், செலவில்லை. அந்தப் பெயின்ட் மின்புலத்தைத்தான் மறைக்கும், அதுவும் எர்த் கொடுத்தால். நொடிக்கு 50 தடவை மாறும் வீட்டு மின்சாரத்தின் (50 ஹெர்ட்ஸ்) காந்தப்புலம் பெயின்டையும் சுவரையும் சட்டை செய்யாது; தள்ளிப் போகப் போகத்தான் குறையும். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் ஆய்வுகளை அலசியது. இந்தக் காந்தப்புலம் சராசரியாக 0.3, 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு (டெஸ்லா என்பது காந்தப்புல அளவு; மைக்ரோ அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) மேலிருந்த வீடுகளில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது; காரணம் அதுதான் என்று நிரூபணமாகவில்லை. மனச்சோர்வு, நடத்தை மாற்றம் பற்றிய சான்றுகள் அதைவிடவும் பலவீனம். தலைபாரம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: செல்போன் ஆப்பில் வீடு முழுக்க 45 மைக்ரோடெஸ்லா காட்டுகிறது. வீட்டை மாற்றணுமா?

பதில்: பூமியைத்தான் மாற்றணும். அது புவிகாந்தம், இடத்துக்கு இடம் 25 முதல் 65 வரை இருக்கும். மின்கம்பியின் புலம்போல் நொடிக்கு 50 தடவை மாறாத நிலையான புலம்; மேலே சொன்ன 0.3, 0.4-உடன் ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் தனி மீட்டர் வாங்கலாமா?

பதில்: வாங்கியே தீருவதென்றால் மூன்று அச்சிலும் (மேல்-கீழ், இடம்-வலம், முன்-பின்) அளப்பதாக வாங்குங்கள். என் டிராயரில் ஒற்றை அச்சு மீட்டர் ஒன்று கிடக்கிறது. ஹேர் டிரையர் பக்கத்தில் நேராகப் பிடித்தால் சிவப்பு விளக்கு, மணிக்கட்டைத் திருப்பினால் பச்சை. பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதன் பாட்டரி டார்ச்சுக்கு உதவியது.

கேள்வி: 7.83 ஹெர்ட்ஸ் 'பூமி அலை' எழுப்பும் படுக்கையறைக் கருவி மூளையை அமைதிப்படுத்துமாமே?

பதில்: இந்த எண்ணைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எண் பொய்யில்லை. தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் (வானின் உயரத்தில் மின்னூட்டம் கொண்ட காற்றடுக்கு) நடுவே மின்னல்கள் எழுப்பும் அலை அது. ஷூமன் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் 1952-இல் கணித்துச் சொன்னார். மூளையின் ஆல்ஃபா அலை சுமார் 8 முதல் 13 ஹெர்ட்ஸ். எண்கள் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன என்பதை முதலாக வைத்தே ஒரு வியாபாரம் ஓடுகிறது. ஹெர்ட்ஸ் சொல்கிறவர்கள் வலிமையைச் சொல்லவே மாட்டார்கள். அந்த இயற்கை அலை ஏறக்குறைய ஒரு பிகோடெஸ்லா, அதாவது மைக்ரோடெஸ்லாவில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வயரிங் போட்ட சாதாரண வீட்டில் எப்போதும் இருக்கும் புலமே அதைப்போல் பல்லாயிரம் மடங்கு! கண்ணுக்குள் மினுக்கொளி தோன்றுவதற்கே 20 ஹெர்ட்ஸில் சில மில்லிடெஸ்லா (ஒன்று ஆயிரம் மைக்ரோடெஸ்லா) வேண்டும். மனச்சோர்வுக்கு மருத்துவமனையில் தலைமேல் வைக்கும் காந்தச் சுருள் (அமெரிக்காவில் 2008-இல் அனுமதி பெற்றது) ஒரு டெஸ்லாவுக்கும் மேலான துடிப்புகளைச் செலுத்துகிறது. இவர்கள் அந்தச் சிகிச்சையின் படத்தைப் போட்டு இந்தப் பெட்டியை விற்கிறார்கள். தலையணையருகே எத்தனை டெஸ்லா என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். போனை வைத்துவிடுவார்கள்.

கேள்வி: அப்பா இறந்த சில வாரங்களில் அம்மாவிடம் வந்து, மறதி வராது என்று காந்தப் பாய் ஒன்றைத் தவணையில் தள்ளிவிட்டார்கள். அம்மாவுக்கு பேஸ்மேக்கர் உண்டு. பணம் திரும்புமா?

பதில்: முதலில் பாயைச் சுருட்டி வேறு அறையில் வையுங்கள், அதன்மேல் படுத்திருந்தால் இதய மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். அம்மாவைத் திட்டாதீர்கள். துக்க வீடு பார்த்து வந்தவர்கள் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ரசீது, தவணைத் தாள், 'மறதி வராது' என்ற துண்டுப் பிரசுரம், போனில் வந்த செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். மருத்துவப் பலன் சொல்லி விற்றதுதான் உங்கள் பிடி. விற்றவருக்கும் கடன் கொடுத்தவருக்கும் எழுத்தில் ரத்து கேளுங்கள்; மறுத்தால் அதே தாள்களோடு நுகர்வோர் புகார். பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று அவர்கள் கேட்டார்களா என்பதையும் எழுதுங்கள்.

கேள்வி: 'அலை எதிர்ப்பு' பதக்கம் மூன்று வாங்கிவிட்டேன். குழந்தைக்கும் போட்டிருக்கிறேன். பலன் உண்டா?

பதில்: மூன்றையும் வாங்கிய பிறகா கேட்பது? இந்த ரகச் சரக்கில் பத்துப் பொருள்கள் கதிரியக்கம் உள்ளவை என்று நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் எச்சரித்தது. கழற்றி மூடி வையுங்கள். குப்பையில் போடாமல் உங்கள் நாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்புத் துறையைக் கேளுங்கள். குழந்தையுடையதை முதலில்.