தோட்டம்: நீங்கள் கேட்டவை

கேள்வி: வீட்டு முன்பக்கம் கருங்கல் அடுக்கி, நடுவே குழி வெட்டி மணல் நிரப்பி மூன்று அகாவே நட்டேன், ஆனைக் கற்றாழை என்கிறார்களே, அதுதான். தண்ணீர் ஊற்றுவதே இல்லை. ஆனாலும் ஒன்று அடி கறுத்து, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. மற்ற இரண்டையும் காப்பாற்றலாமா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: நீங்கள் ஊற்றவில்லை, சரி, வானம் ஊற்றுகிறதே! கொழும்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. இந்தச் செடியின் சொந்த ஊர் மெக்சிகோப் பக்கம், அங்கே சொனோரன் பாலைவனத்தில் பல இடங்களில் 400 மில்லிமீற்றர்கூடத் தேறாது. வறட்சி தாங்கும் என்று சொல்லி விற்றவர் பொய் சொல்லவில்லை, ஆனால் இங்கே அதைக் கொல்வது வறட்சி இல்லை.

பிழை அந்தக் குழியில்தான். இறுக்கமான மண்ணில் குழி வெட்டி மணல் போட்டால் அது கிண்ணம் மாதிரி, சுற்றியுள்ள மழைத்தண்ணீர் எல்லாம் அதற்குள் இறங்கி அங்கேயே நிற்கும். கீழே போகாதீர்கள், மேலே வாருங்கள். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு போடுங்கள், ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு பருமணலும் சின்னச் சல்லியும். வெள்ளவத்தை என்பதற்காகக் கடற்கரை மணலை அள்ளிவராதீர்கள், உப்பு. செடியை மேட்டின் சரிவில் கொஞ்சம் சாய்த்து நடுங்கள், இலைக்குருத்துக்குள் தண்ணீர் தங்காமல் வழிந்துவிடும். நடுமுன் வேரைச் சுற்றியுள்ள தும்புத்தூளை உதறிவிட வேண்டும். பூச்சாடியில் விற்கும்போது அதில்தான் வைத்து விற்கிறார்கள், மழை விட்டுப் பல நாளாகியும் அது பிழிந்தால் சொட்டும்.

மற்ற இரண்டையும் இப்போதே கிளப்பிப் பாருங்கள். அடி மெத்தென்று இருந்தால் வெள்ளையான நல்ல பாகம் வரும்வரை கத்தியால் சீவி, நிழலில் ஒரு வாரம் காயவிட்டு நடுங்கள். கையுறை போடுங்கள், அதன் சாறு பட்டால் அரிக்கும். நான் ஒருமுறை அரைக்கைச் சட்டையோடு இலை வெட்டிவிட்டு இரண்டு நாள் சொறிந்துகொண்டு திரிந்தேன்.

இன்னொன்று, மழை விட்டதும் இலை இடுக்கில் தேங்கிய தண்ணீரைக் குழாயால் அடித்து வெளியேற்றுங்கள். டெங்கு பார்க்க வருகிறவர்கள் சிரட்டையை மட்டுமா பார்க்கிறார்கள்!

கேள்வி: வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். முள் பயமாக இருக்கிறது. (வாசகர், தெஹிவளை)

பதில்: அட்டெனுவாட்டா என்ற வகையைக் கேட்டு வாங்குங்கள். இலை ஓரத்திலும் முள் இல்லை, நுனியிலும் இல்லை. உச்சி வெயிலில் இலை கருகும், காலை வெயில் போதும்.

கேள்வி: இதையும் சோற்றுக்கற்றாழை போல முகத்துக்குப் பூசலாமா? (வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: ஐயோ, வேண்டாம் பிள்ளை! மேலே சொன்ன அரிப்பு முகத்தில் வரும். ஓர் இலையை முறித்துப் பாருங்கள், சோற்றுக்கற்றாழையில் கூழ் வழியும், இதில் நார் நாராக வரும். சைசல் கயிறு திரிப்பதும் ஓர் அகாவேயின் நாரில்தான்.

கேள்வி: ஒருமுறை பூத்தால் செத்துவிடுமாமே? (வாசகர், மட்டக்குளி)

பதில்: உண்மை. பத்து வருடமும் ஆகலாம், முப்பதும் ஆகலாம். அதற்குள் அடியில் குட்டிகள் போட்டிருக்கும், பிரித்து வையுங்கள். அமெரிக்கானா, அதாவது ஆனைக் கற்றாழை என்றால் பூத்தண்டு இருபது அடிக்கு மேலே போகும், அதனால் தலைக்கு மேல் கரண்ட் கம்பி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு இடம் தெரிவு செய்யுங்கள்.