இலவச அரிசியும் உடல் பருமனும் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

ரேஷனில் தரும் இலவச அரிசியை ஆதரித்து நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் தெருவில் நாற்பதைத் தாண்டிய பெண்களில் பாதிப்பேர் பருமனாக இருக்கிறார்கள். சர்க்கரை மாத்திரை இல்லாத வீடே இல்லை. காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை, எல்லாமே ரேஷன் அரிசி. காசு கொடுத்து வாங்கினால் அளவோடு சாப்பிட மாட்டார்களா? அமெரிக்காவிலும் அரசின் உணவு உதவி பெறுகிறவர்களிடம்தான் பருமன் அதிகம் என்று அங்கே இருக்கும் என் மகன் சொல்கிறான். பசி தீர்ந்த பிறகும் இந்தத் திட்டம் எதற்கு?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

உங்கள் தெருவில் நீங்கள் பார்ப்பது உண்மைதான். 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 விழுக்காட்டினர் அதிக எடையோ பருமனோ உடையவர்கள். 2019-21இல் அது 40.4 ஆகிவிட்டது. ஆண்களில் 28.2 இருந்தது 37 ஆனது. இவ்வளவு குறுகிய காலத்தில் இப்படி ஏறியிருப்பது பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே கணக்கெடுப்பில் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. எட்டில் ஒரு பெண் உயரத்துக்கேற்ற எடை இல்லாமல் மெலிந்திருக்கிறார். பசி தீர்ந்துவிட்டது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

இலவச அரிசிதான் காரணம் என்றால், அதை அதிகம் நம்பி வாழும் ஏழைகளிடம்தான் பருமனும் அதிகம் இருக்க வேண்டும். கணக்கெடுப்பில் அப்படி இல்லை. வசதி கூடக்கூடப் பருமனும் கூடுகிறது, கிராமத்தைவிட நகரத்தில் அதிகம். கடையில் பொன்னி அரிசி வாங்கிச் சாப்பிட்டு நாளெல்லாம் உட்கார்ந்து வேலை பார்க்கிறவரின் இடுப்புச் சுற்றளவுக்கு ரேஷன் கடை பொறுப்பாக முடியாது. எல்லாருக்கும் ரேஷன் என்ற நம் முறை டெல்லியில் கிடையாது. அங்கே பெண்களில் அதிக எடையோ பருமனோ உடையவர்கள் 41.3 விழுக்காடு.

உங்கள் மகன் சொல்வதற்கு வருகிறேன். அமெரிக்காவில் முன்பு ஃபுட் ஸ்டாம்ப் என்று இருந்த உணவு உதவித் திட்டத்துக்கு 2008 முதல் ஸ்னாப் என்று பெயர். மளிகை வாங்குவதற்கான பணத்தை அரசு ஓர் அட்டையில் ஏற்றிவிடும். சுமார் நான்கு கோடிப் பேர் பயன்பெறுகிறார்கள். அவர்களிடம் பருமன் அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியது சரிதான், குறிப்பாகப் பெண்களிடம். ஆனால் வறுமையில் இருப்பவர்தான் அந்த அட்டைக்கு விண்ணப்பிக்கிறார். அமெரிக்கப் பெண்களிடையே வறுமையும் பருமனும் ஏற்கெனவே சேர்ந்தே இருக்கின்றன. அட்டையால் எடை கூடியதா, எடை கூடும் சூழலில் இருப்பவர் அட்டை வாங்கினாரா என்று பிரித்தறிவது மிகக் கடினம். இன்னொன்று, பணம் மாதம் ஒருமுறைதான் அட்டையில் ஏறும். மாதக் கடைசியில் பலருக்கு அது தீர்ந்துவிடும். சில நாள் அரைவயிறு, அப்புறம் கிடைத்ததும் வயிறு முட்ட என்ற சுழற்சியே எடையைக் கூட்டலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அப்படியானால் கோளாறு உதவி போதாமல் இருப்பதில்தான். அமெரிக்க வேளாண் துறை 2016இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஸ்னாப் குடும்பங்கள் நூறு டாலர் மளிகைச் செலவில் சுமார் 9 டாலரை இனிப்பு பானங்களுக்குக் கொடுத்தன. மற்றக் குடும்பங்கள் சுமார் 7 டாலர். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் ஒரு கூட்டத்தையே குற்றவாளியாக்கும் அளவுக்கு இல்லை. மாசசூசெட்ஸில் ஹாம்ப்டன் மாவட்டத்தில் 2011-12இல் வேறொரு வழியை முயன்று பார்த்தார்கள். காய், பழம் வாங்கினால் டாலருக்கு 30 சென்ட் அட்டையிலேயே திரும்ப ஏறும். அந்தச் சலுகை கிடைத்தவர்கள் மற்றவர்களைவிடக் கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலாகக் காய் பழம் சாப்பிட்டார்கள்.

சரி, இப்போது நம் ரேஷன் பைக்கு வருவோம். எனக்கு உண்மையான கோபம் இங்கேதான். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி இலவசம். சர்க்கரை கிலோ 25 ரூபாய்க்கு 2 கிலோ. பாமாயில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர். துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு ஒரே ஒரு கிலோ. ஆளுக்கு ஒரு நாள் கணக்கில் போட்டுப் பாருங்கள்: அரிசி 166 கிராம், சர்க்கரை 16 கிராம், பருப்பு 8 கிராம். பருப்பு, பயறு வகைகள் மட்டும் நாளைக்கு 85 கிராம் வேண்டும் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி. பருப்பைப் போல இரு மடங்கு சர்க்கரையை அரசே மலிவாகக் கொடுக்கிறது. காய்கறிக்கு அந்தப் பையில் இடமே இல்லை.

அந்த 8 கிராம் பருப்பும் வீட்டில் எல்லாருக்கும் ஒரே அளவில் போவதில்லை. வேலைக்குப் போகிறவருக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிய பிறகு, கடைசியாக உட்காரும் அம்மாவின் தட்டில் விழுவது சோறும் அடியில் கிடக்கும் தண்ணீர்க் குழம்பும்தான். முட்டை பெரும்பாலும் பிள்ளைகளோடு தீர்ந்துவிடும். வயிறு நிறைவது சோற்றால் மட்டுமே. உங்கள் தெருப் பெண்களிடம் பருமனும் ரத்தசோகையும் சேர்ந்தே இருந்தால், இதையும் ஒரு முக்கியக் காரணமாக எண்ணிப் பாருங்கள்.

காசு கொடுத்து வாங்கினால் அளவாகச் சாப்பிடுவார்கள் என்கிறீர்கள். ஏழை வீட்டில் அப்படி நடக்காது. அரிசிக்குக் காசு கொடுக்க நேர்ந்தால் முதலில் குறைவது கீரை, முட்டை, பழம். வயிற்றை மலிவாக நிரப்புவது அரிசி என்பதால் அதுதான் கடைசி வரை தட்டில் இருக்கும். 2011 ஜூனில் அரிசி இலவசமானபோது அந்தக் குடும்பங்களின் கையில் கொஞ்சம் காசு மிஞ்சியது. அதைப் பிடுங்கி உடம்பை இளைக்க வைக்க முடியாது.

அரிசிக்குப் பதில் கேழ்வரகு என்று 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல தொடக்கம்தான், வரவேற்கிறேன். ஆனால் மாவுச்சத்தின் மொத்த அளவு குறையாமல் அரிசியைக் கோதுமையாகவோ சிறுதானியமாகவோ மாற்றுவதால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் பெரிதாகக் குறையாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வொன்று 2025இல் சொன்னது. மாவுச்சத்தில் ஒரு பங்கைப் பருப்பு, பால் போன்ற புரதத்துக்கு மாற்றினால் பலன் உண்டு. அதனால்தான் பருப்பை மாதம் 3 கிலோ ஆக்க வேண்டும், சர்க்கரையைப் பாதியாக்கி அந்த மானியத்தில் கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ தர வேண்டும் என்கிறேன். பருப்புக்குச் செலவு நிறைய ஆகும், அது எனக்கும் தெரியும். சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் அரசு மருத்துவமனைகளில் ஆகும் செலவையும் அந்தக் கணக்கில் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.