ஒரே குழாயில் புல்தரையும் தென்னையும்: அடைத்துக்கொண்ட சொட்டுவான்களுக்கு என்ன வழி?

கேள்வி: காங்கேயம் வட்டத்தில் உள்ள எங்கள் தோட்டத்துச் சாளை வீட்டைச் சுற்றி 600 சதுர அடியில் புல்தரையும், இரண்டு தென்னைகளும், கறிவேப்பிலை, எலுமிச்சை, செம்பருத்தி, மல்லிகையும், சில காய்கறிப் பாத்திகளும் இருக்கின்றன. ஒன்றரை ஆண்டுக்கு முன்பு மொட்டை மாடித் தொட்டியிலிருந்து 16 மில்லிமீட்டர் குழாய் ஒன்றை இறக்கி, அதிலேயே எல்லாச் சொட்டுவான்களையும் புல்லுக்கான மூன்று தெளிப்பான்களையும் பொருத்தினார்கள். தொட்டியின் அடிப்பகுதி தரையிலிருந்து 22 அடி உயரத்தில் உள்ளது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும். இப்போது பாதிச் சொட்டுவான்களில் தண்ணீர் வருவதில்லை. தெளிப்பான்கள் மண்ணை விட்டு மேலெழுவதே இல்லை. புல் ஓரங்களில் காய்ந்து வருகிறது. பொருத்தியவர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார். அது அவசியம்தானா? இதற்கு மானியம் கிடைக்குமா?

பதில்: எல்லாவற்றையும் கழற்ற வேண்டிய அவசியமில்லை. இப்போது இருக்கும் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு சொட்டுவான்களை மட்டும் புதிதாக மாற்றினால், அடுத்த ஒன்றரை ஆண்டில் இதே கேள்வியைத்தான் மீண்டும் அனுப்புவீர்கள். மூன்று வெவ்வேறு தேவைகளை ஒரே குழாயில் கோத்ததும், உப்புத் தண்ணீரை வடிகட்டி இல்லாமல் விட்டதும்தான் உங்கள் தோட்டத்தின் சிக்கல். பொருள்களின் தரத்தைக் குறை சொல்ல இதில் அதிகம் இல்லை.

முதலில் அழுத்தத்தைப் பார்ப்போம். 10 மீட்டர் உயரத் தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் தரும். உங்கள் தொட்டியின் 22 அடி உயரம் 6.7 மீட்டர்தான் என்பதால், தரைமட்டத்தில் 0.67 கிலோவுக்கு மேல் கிடைக்காது. குழாய் வளைவுகளில் அதிலும் கொஞ்சம் குறையும். சாதாரணச் சொட்டுவானுக்கு இது போதும். ஆனால் மண்ணுக்குள்ளிருந்து எழும் தெளிப்பானுக்குப் பொதுவாக 2 கிலோ அழுத்தமாவது வேண்டும்; அது மணிக்குச் சில நூறு லிட்டர் தண்ணீரையும் இழுக்கும். ஆகவே உங்கள் தெளிப்பான்கள் பழுதானவை என்று முடிவு கட்ட வேண்டாம். அவை எழுவதற்கான பலம் அந்தக் குழாயில் ஒருபோதும் இருந்ததில்லை. அவற்றைத் திறக்கும்போது சொட்டுவான்களுக்குப் போக வேண்டிய அழுத்தமும் சரிந்துவிடுகிறது.

எனவே புல்லுக்குத் தனிக் குழாய், தென்னைகளுக்குத் தனி வால்வு, செடிகளுக்கும் பாத்திகளுக்கும் தனி வால்வு என்று பிரித்துக்கொள்ளுங்கள். கோடையில் காய்க்கும் தென்னை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் அளவுக்குச் சொட்டுநீர் தேவைப்படும். கறிவேப்பிலைக்கோ மல்லிகைக்கோ அதில் சிறு பங்கு போதும். இரண்டையும் ஒரே வால்வில் வைத்தால், தென்னைக்குப் பத்தாது, அல்லது செம்பருத்தியின் வேர் அழுகும். தென்னையைச் சுற்றி, அடிமரத்திலிருந்து மூன்றிலிருந்து நான்கு அடி தள்ளி, மணிக்கு 8 லிட்டர் தரும் நான்கு சொட்டுவான்களை வட்டமாக வையுங்கள். 8 லிட்டர் என்பது 1 கிலோ அழுத்தத்துக்கான கணக்கு; உங்கள் தொட்டியின் உயரத்தில் அந்த நான்கும் சேர்ந்து மணிக்கு 26 லிட்டர் அளவுக்கே தரும் என்பதால், இரண்டரை மணி நேரம் திறந்திருக்க வேண்டும். அடிமரத்தை ஒட்டிச் சொட்ட விடுவது பலரும் செய்யும் தவறு. தண்ணீரை உறிஞ்சும் இளவேர்கள் அங்கே இருப்பதில்லை.

அடுத்தது அடைப்பு. அடைத்துப்போன ஒரு சொட்டுவானைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். வாய்ப்பகுதியில் வெள்ளையாக, சுரண்டினால் மாவாக உதிரும் படிவம் இருந்தால் அது சுண்ணாம்பு உப்பு. அதன் மேல் இரண்டு சொட்டு அமிலம் விட்டால் நுரைத்துப் பொங்கும். வழுவழுப்பாகப் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் பாசி. கரகரவென்று விரலில் உருண்டால் போரிலிருந்து வந்த மணல். உங்கள் பகுதித் தண்ணீரை வைத்துப் பார்த்தால் முதலாவதுதான் பெரும்பான்மையாக இருக்கும். தண்ணீரை நிறுத்திய பிறகு சொட்டுவானின் வாயில் தங்கும் கடைசித் துளி வெயிலில் வற்றும்போது, அதிலிருந்த உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. தினமும் பத்து நிமிடம் திறந்து மூடுகிறவர்களின் தோட்டத்தில் அடைப்பு விரைவாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். குழாயைத் தென்னை மட்டை, காய்ந்த இலைதழை ஆகியவற்றால் மூடி வையுங்கள். வெயில் நேரடியாகப் படாத குழாயில் படிவு மெதுவாகவே சேரும்.

சுத்தம் செய்வதற்குப் பெரிய தோட்டங்களில் செய்வதுபோலக் குழாய் முழுவதும் அமிலம் செலுத்த வேண்டாம். வீட்டில் குழந்தைகளும் நாயும் நடமாடும் இடத்தில் அதை நான் பரிந்துரைப்பதில்லை. பிரித்து எடுக்கக்கூடிய சொட்டுவான்களைக் கழற்றி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த பிளாஸ்டிக் வாளியில் இரவு முழுவதும் ஊற வைத்து, காலையில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் பெரும்பாலானவை தேறிவிடும். தேறாதவற்றை மட்டும் மாற்றுங்கள். எந்த அமிலமானாலும், தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பாசிக்காகப் பிளீச்சிங் பவுடர் பயன்படுத்தினால், அதை அமிலத்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதிலிருந்து எழும் குளோரின் வாயு நுரையீரலைக் கெடுக்கும்.

திருப்பிப் பொருத்திய பின், மணிக்கு 4 லிட்டர் என்று குறிக்கப்பட்ட ஒவ்வொரு சொட்டுவானின் அடியிலும் ஒரு டம்ளரை மூன்று நிமிடம் வையுங்கள். முழு அழுத்தத்தில் 200 மில்லி சேர வேண்டும். உங்கள் தொட்டியின் உயரத்துக்கு 160 மில்லி சேர்ந்தால் சரியான அளவு. 120 மில்லிக்குக் கீழே இருப்பவற்றை மீண்டும் ஊற வையுங்கள். இந்தச் சோதனையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்துவந்தால், இலை வாடிய பிறகு காரணம் தேடும் நிலை வராது.

வடிகட்டி கட்டாயம் வேண்டும். தொட்டியிலிருந்து குழாய் இறங்கும் இடத்தில், கைக்கு எட்டும் உயரத்தில், 120 மெஷ் வலை கொண்ட ஓர் அங்குல வடிகட்டியைப் பொருத்துங்கள். முக்கால் அங்குலத்திலும் கிடைக்கும். ஆனால் உங்களிடம் இருக்கும் குறைந்த அழுத்தத்தை அது தின்றுவிடும். வாரம் ஒரு முறை வலையை எடுத்து ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். மாதம் ஒரு முறை ஒவ்வொரு குழாயின் கடைசி மூடியையும் திறந்து, கலங்கல் போய்த் தெளிந்த தண்ணீர் வரும் வரை ஓட விடுங்கள். தொட்டியின் வெளியேறும் குழாய், அடிமட்டத்திலிருந்து நான்கு அங்குலமாவது மேலே இருக்கட்டும். மணல் தொட்டியிலேயே தங்கும். டிஏபி உரம் கரைத்த தண்ணீரை இந்தக் குழாயில் விடாதீர்கள். சுண்ணாம்பு மிகுந்த தண்ணீரில் அது கெட்டியாகப் படிந்துவிடும். பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் போன்றவற்றை வேரடியில் கையால் ஊற்றுவதே நல்லது.

இனிப் புல்தரை. தெளிப்பான்களை வைத்துக்கொள்ள விரும்பினால், அரை குதிரைத்திறன் மோட்டார் ஒன்றும் ஓர் அங்குலப் பிவிசி குழாயும் தனியாக வேண்டும். போர் மோட்டாரிலிருந்து நேராக எடுக்க நினைத்தால், மிகுதித் தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும் பைபாஸ் வால்வும் ஓர் அழுத்தமானியும் இல்லாமல் செய்யாதீர்கள். குழாய் இணைப்புகள் பிடுங்கிக்கொள்ளும். ஒரு தெளிப்பானின் வீச்சு அடுத்த தெளிப்பானின் அடி வரை எட்டும்படி அவற்றை நடுங்கள். உங்கள் புல் ஓரங்களில் காய்வது அந்த எட்டுதல் இல்லாததால்தான் என்று கருதுகிறேன். பொருத்திய பிறகு, ஒரே அளவுள்ள டப்பாக்களைத் தரையெங்கும் பரப்பி, 15 நிமிடம் ஓட்டி, ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லிமீட்டர் சேர்ந்தது என்று அளந்து பாருங்கள். எங்கே குறைகிறதோ அங்கேதான் புல் முதலில் காயும்.

கோடையில் புல்லுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று கொண்டால், உங்கள் 600 சதுர அடிக்கு 280 லிட்டர் ஆகிறது. அதாவது, நான்கு தென்னைகளை வளர்க்கும் தண்ணீர். கோடையில் போர் வற்றும் ஊரில், புல்தரையைப் பாதியாகக் குறைத்து மீதி இடத்தில் மல்லிகையும் கறிவேப்பிலையும் வைத்துக்கொள்ளுமாறு உங்களை மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். மீதமுள்ள 300 சதுர அடிப் புல்லுக்குக் கைக்குழாயே போதும். மோட்டார் செலவும் மிச்சம். உங்கள் பகுதியின் சரளைச் செம்மண் தண்ணீரை நெடுநாள் பிடித்து வைக்காது என்பதால், கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாய்ச்சுங்கள். பாய்ச்சிய பின் ஒரு நீண்ட திருப்புளியை மண்ணில் அழுத்திப் பாருங்கள். ஈரம் உள்ள ஆழம் வரை அது எளிதாக இறங்கும். ஐந்து, ஆறு அங்குலம் இறங்கினால் புல்லுக்குப் போதுமானது.

பாய்ச்சும் நேரம் விடியற்காலையாக இருக்கட்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசிக் கடைசியில் தொடங்கும் காற்று, ஆடியில் தெளிப்பானின் தண்ணீரைப் பக்கத்துக் காட்டுக்கே கொண்டுபோய்விடும். அந்த மாதங்களில் வானம் மூட்டமாக இருந்தாலும் காங்கேயம் பக்கம் மண் நனையும் மழை குறைவு; மேகத்தைப் பார்த்து நிறுத்தாமல் மண்ணைத் தோண்டிப் பார்த்து முடிவெடுங்கள். உப்புத் தண்ணீரை உச்சி வெயிலில் இலை மேல் தெளித்தால் இலை நுனி கருகும். கோடையில் அணிலும் எலியும் தாகத்துக்காகக் குழாயைக் கடிப்பது உங்கள் பகுதியில் வழக்கம் என்பதால், வேலியோரம் ஒரு மண் தட்டில் தண்ணீர் வைத்துவிடுங்கள்.

தண்ணீரை ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன், மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸுக்கு மேல் இருந்தால், எலுமிச்சை தாங்காது. மழைநீரைத் தொட்டியில் சேர்த்துக் கலந்து விட வேண்டியிருக்கும்.

மானியத்தைப் பொறுத்தவரை, நுண்ணீர்ப் பாசனத் திட்டத்தில் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் வழங்கப்படுகிறது. ஆனால் அது வயலிலும் தோப்பிலும் உள்ள பயிர்களுக்கானது. வீட்டுப் புல்தரைக்குக் கிடைக்காது. உங்கள் தோட்டத்தில் தென்னந்தோப்போ வேறு பயிரோ இருந்தால், சிட்டா, அடங்கல், சிறு விவசாயிச் சான்று ஆகியவற்றுடன் வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்தில் அதற்குத் தனியாக விண்ணப்பியுங்கள்.