கரண்டா, ஸ்ட்ரீமா?

பாளையங்கோட்டையில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியர் பதில் சொல்கிறார்.

பேட்டை மாணவி: சார், அகராதியில் கரண்ட், ஸ்ட்ரீம் ரெண்டுக்குமே நீரோட்டம் என்றுதான் இருக்கிறது. எதையும் எழுதலாமா?

சில இடத்தில் தப்பித்துக்கொள்வாய், பல இடத்தில் மாட்டிக்கொள்வாய் அம்மா. குறுக்குத்துறையில் ஆற்றில் இறங்கி நின்றால் காலை இழுக்கிறதே, அந்த இழுப்பு கரண்ட். ஸ்ட்ரீம் என்பது ஓடுகிற தண்ணீரே. பெரும்பாலும் நம் ஓடை. சித்திரை வெயிலில் ஓடை காய்ந்து கிடந்தாலும் ‘டிரை ஸ்ட்ரீம்’ என்று எழுதலாம். ‘டிரை கரண்ட்’ என்று ஒன்று கிடையாது. தண்ணீர் நின்றால் கரண்டும் போச்சு.

அம்பாசமுத்திரத்திலிருந்து: வீட்டில் போகிற கரண்ட்?

அதே சொல்தான். லத்தீனில் ஓடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தண்ணீருக்கு இருந்ததைப் பிறகு மின்சாரத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். வகுப்பில் ஆற்று கரண்ட் என்றால் ஷாக் அடிக்குமா என்று ஒரு பயல் கேட்காமல் இருக்க மாட்டான். பக்கத்தில் பாபநாசத்தில் 1944 முதல் தண்ணீரை வைத்துத்தானே மின்சாரம் எடுக்கிறார்கள், அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

உவரி இளைஞர்: அண்ணாச்சி, கடலில் ஓடுவதை எங்க அப்பா நீவாடு என்பார். அது எது?

கரண்ட். நூற்றுக்கு நூறு. நீரோட்டம் என்று எழுதுவதைவிட உங்கள் அப்பா சொல்தான் கச்சிதம். ஓடைக்கு ரெண்டு கரை உண்டு. நீவாட்டுக்குக் கரை ஏது? தண்ணீருக்குள்ளேயே தண்ணீர் ஓடுகிறது.

அவரே: அப்புறம் ஏன் கல்ஃப் ஸ்ட்ரீம்?

நல்ல பிடி! அட்லாண்டிக்கில் ஓடும் அந்த வெதுவெதுப்பான நீவாடு, கடலுக்குள் ஒரு ஆறு போல ஒதுங்கித் தெரிகிறது. அமெரிக்காவுக்கு வரும் தபால் கப்பல்கள் ஏன் தாமதிக்கின்றன என்று விசாரித்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், 1769-70 வாக்கில் அதன் வரைபடத்தை அச்சிட வைத்தார். அவருடைய உறவினர் ஒருவர் திமிங்கில வேட்டைக்காரர், அவருக்கு அந்த ஓட்டம் அத்துப்படி. தபால் கப்பல்களோ அதை எதிர்த்தே வந்துகொண்டிருந்தன. வகையில் அது கரண்ட்தான், பெயரில் மட்டும் ஸ்ட்ரீம்.

வள்ளியூரிலிருந்து: அப்ஸ்ட்ரீம்?

ஓட்டத்துக்கு மேல் பக்கம். தாமிரபரணியில் மருதூர் அணைக்கட்டு, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு அப்ஸ்ட்ரீம்.

பேட்டை மாணவி: போனில் படம் ஸ்ட்ரீம் ஆகிறது என்கிறோமே சார்?

குடம் நிறையும்வரை காத்திருக்காமல் குழாயில் வாயை வைத்துக் குடிக்கிறாய், அவ்வளவுதான்.