பைட்டர் மீன்குஞ்சுகளுக்கு ஆர்ட்டீமியா பொரிக்க வைத்தல்

கேள்வி: வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்பொன்றில் பைட்டர் மீன்களை இனப்பெருக்கம் செய்து விற்று வருகிறேன். குஞ்சுகளுக்கு உயிரிரையாகக் கொடுக்க, குழாய் நீரில் உப்புக் கலந்து ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் இறால் போன்ற சிற்றுயிர்) முட்டைகளைப் போட்டால் பாதிகூடப் பொரிப்பதில்லை. பொரித்தவற்றை இரண்டு நாள் வைத்திருந்து சற்றுப் பெரிதானபின் கொடுக்கிறேன். ஆயினும் மீன்குஞ்சுகள் மெலிகின்றன, சில வயிறு வீங்கி இறக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: அந்த இரண்டு நாள் காத்திருப்பை முதலில் கைவிடுங்கள். பொரித்த ஆர்ட்டீமியாவின் சத்து முழுவதும் அதன் உடலிலுள்ள மஞ்சட்கருவே. கொழும்பின் வெப்பத்தில் ஏறக்குறைய 8 மணி நேரத்தில் அது முதற்தோலை உரித்துவிடும். அதன்பின் இரை கிடைக்காவிட்டால் சேமிப்பைத் தின்றே உயிர்வாழ்வதால், பார்வைக்குப் பெரிதாகத் தெரிந்தாலும் சத்துக் குறைந்திருக்கும். எனவே பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்; எஞ்சியதை உப்புநீருடனேயே குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாளைக்குள் முடித்துவிடலாம்.

பொரிப்புக் குறைவுக்கு நீரே காரணமாக இருக்கக்கூடும். குழாய் நீரில் குளோரின் உண்டு. ஒரு நாள் காற்றூட்டி வைத்தபின் பயன்படுத்துங்கள். களனி ஆற்றிலிருந்து வரும் நீர் மென்மையானது, அதாவது காரத்தன்மை குறைந்தது; ஆர்ட்டீமியாவுக்கோ பிஎச் (நீரின் அமில கார அளவு) 8க்கு மேல் இருந்தாற்றான் முட்டையுறையைக் கரைக்கும் நொதியம் நன்கு வேலை செய்யும். ஆதலால் லீற்றருக்கு 25 கிராம் அயடீன் சேர்க்காத உப்புடன் ஒரு கிராம் அளவு அப்பச்சோடாவும் சேருங்கள். முட்டை லீற்றருக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம். அடி வெட்டிய போத்தலைத் தலைகீழாக நிறுத்தி, முட்டைகள் ஓரிடத்திலும் தங்காதபடி அடியிலிருந்து பலமாகக் காற்றூட்டி, மேலே மின்விளக்கொன்றை எரியவிட்டால், 28 பாகை செல்சியஸில் 18 முதல் 24 மணி நேரத்தில் பொரித்துவிடும். நமது ஊரில் நீர்சூடாக்கி தேவையில்லை. இவ்வளவு செய்தும் பொரிக்காவிட்டால் முட்டையே பழுது: திறந்த டின் நம் கடற்கரை ஈரத்தை விரைவில் உறிஞ்சிவிடும். சிறு பொதிகளாக, காற்றுப் புகாமல் மூடிக் குளிரில் வையுங்கள்.

வயிறு வீங்குவதற்கு, அளவுக்கு மீறிய இரையைத் தவிர, விழுங்கிய ஓடுகளையே முதலில் சந்தேகிக்க வேண்டும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் வெற்றோடுகள் மிதக்கும், பொரிக்காதவை அடியில் படியும். பக்கத்தில் டோர்ச் வெளிச்சம் காட்டினால் உயிருள்ளவை அங்கே திரளும். அவற்றை மட்டும் மெல்லிய குழாயால் உறிஞ்சி, நுண்துணியில் வடித்து, நன்னீரில் அலசிக் கொடுங்கள். நன்னீரில் அவை சில மணி நேரத்தில் இறந்து நீரைக் கெடுக்குமாதலால் சிறிது சிறிதாகவே இடவேண்டும்.

ஆர்ட்டீமியாவுக்கு மதுவமோ ஸ்பிருலினா என்னும் பாசித் தூளோ ஊட்டி, இரண்டு மூன்று வாரத்தில் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு வளர்த்தெடுக்கவும் முடியும். ஆனால் அதற்குப் பெரிய தொட்டியும் இடையறாத கவனிப்பும் வேண்டும். மாடிக் குடியிருப்பில் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.